லாலான் சரிவில் ஒரு பெரட்டு

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு மேலே திட்ட ஒருவர், கீழே திட்டப் பல பேர். நடுவில் நின்று தலையாட்டுவதுதான் உத்தியோகம். யாருக்காவது உதவி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தால் சற்று நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சுவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி லயத்து வரிசை வீடுகளில் ஐந்து பெண்கள் பிள்ளைகளோடு தனியாக நின்றார்கள். ஜப்பானிய அதிகாரி லாலான் புல் மண்டிய ஒரு சரிவைக் காட்டினான். அதை இவர்கள் மரவள்ளித் தோட்டமாக்கினால் லயத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஊருக்கு லாரியில் ஏற்றிவிடுவானாம். பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த ஊருக்குப் போனாலும் மரவள்ளிதானே என்று நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அவர்களில் மூத்தவளான அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரு திரும்பி வந்தா எந்தக் கதவைத் தட்டுவாரு, கிராணி ஐயா?"

பேர் கூப்பிடாத வேலை

இது உங்கள் சொந்தக் கொல்லை, இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போங்கள் என்று பெரிய மனசோடு சொல்லி அனுப்பினேன். மறுநாள் வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால் சரிவில் ஒரு ஈ காக்கை இல்லை. வயிறெரியத் திரும்பி வந்தேன். ஐந்து பேரும் ஆபீஸ் முன்னால் மண்வெட்டியோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், இருட்டிலிருந்தே.

விடியற்காலையில் பெரட்டு என்கிற ஆள்கணக்கு வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டு, நாலு வசவும் வாங்கிய பிறகே வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். சொந்தக் கொல்லைக்கு எதற்குப் பெரட்டு என்று கேட்டேன்.

"பேரு கூப்பிடாம போனா வேலைக்கு வந்தோம்னு எங்களுக்கே எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டேன். வசவை மட்டும் குறைத்துக்கொண்டேன். அதற்கும் குறைபட்டார்கள்.

வாளி போகும் பாதை

நட்டு முடித்துவிட்டோம் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசை. நானும் மெச்சினேன். பக்கத்துக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து மாக் லோங் அந்த வழியே வந்தவள், சரிவைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. ரப்பர் மரத்துக்கு விடுகிற இடைவெளியை மரவள்ளிக்கு விட்டிருந்தார்கள்! ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் மாட்டுவண்டியே போகலாம். ஏன் இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நடுவுல ஆளு பால் வாளியோட போக வேணாமா?" என்றாள் அஞ்சலை.

மரவள்ளியில் பால் எடுப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மாக் லோங் மறுநாள் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கொடியோடு வந்தாள். காலி இடமெல்லாம் அதை ஊன்றினார்கள்.

ஆண் துணை

கூலிகளை மேய்க்கும் பெரிய மண்டோருக்குத் திடீரென்று இரக்கம் பொங்கியது. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிக்கொண்டு சரிவுக்கு வந்து, அந்த ஐவரில் சின்னவளான பாக்கியத்திடம், ஆண் துணை இல்லாமல் எத்தனை நாள் கஷ்டப்படுவாய் என்று குழைந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மண்டோரின் தோளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாக்கியம் பதற்றமே இல்லாமல் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"துணைதானே மண்டோரே? அந்தக் கடைசி வரிசை லாலானைப் புடுங்கிட்டு வாங்க, பேசலாம்."

அதிகாரி வந்த நாள்

மரவள்ளி முழங்கால் உயரம்தான் வந்திருந்தது. அதற்குள் அதிகாரி வந்து இறங்கிவிட்டான். எல்லாரும் இடுப்பு வளையக் கும்பிட்டோம். லாரியும் கூடவே வந்திருந்தது. அஞ்சலை அதைப் பார்க்காமல் நின்றாள்.

நடுவில் ஊன்றிய கொடி படர்ந்து சரிவு முழுவதையும் மூடியிருந்தது. ஒரு சாண் மண் வெளியே தெரியவில்லை. அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, உயரப் பயிரையும் கொடியையும் இப்படிக் கலந்து நட யோசனை சொன்ன ஆள் யார் என்று துபாஷி மூலம் கேட்டான். ஆள் யாருமில்லை, இந்தப் பெண்கள் தவறுதலாக நட்டது என்று உண்மையைச் சொன்னேன். ஆளை மறைத்துப் பொய் சொல்கிறேன் என்று பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தான். பயிர் பிடித்துப்போனதால் லயத்தில் அவர்கள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, காலி லாரியோடு போய்ச் சேர்ந்தான். பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் என் கன்னத்தை அக்கறையாகப் பார்த்தாள்.

"நல்ல வேளை ஐயா, நீங்க உண்மையைச் சொன்னீங்க. உண்மைக்கே இப்படின்னா, பொய்க்கு என்ன வச்சிருப்பானோ!"

மூன்றாவது கதவு

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. கிழங்கை அவித்து ரோட்டோரம் விற்று, ஐந்து பேரும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். அந்த ஐந்தில் நான்கு வாசலுக்கு யாரும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் எலும்பும் தோலுமாக ஒருவர் லயத்துக்குள் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக மூன்றாவது கதவுக்குப் போய்த் தட்டினார். அஞ்சலை திறந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்ணீர்ப் பானையைக் காட்டினாள்.

"கை கால் கழுவிட்டு வாங்க. மரவள்ளிதான் இருக்கு."

இந்தப் பெண்களைக் கரையேற்றியது நான்தான் என்று பிறகு லயத்தில் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை.