புதன்கிழமைக் குரல்

அவரை அந்தத் தெருவில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பதால் வந்த பெயர். அவர் மனைவிக்கு அப்படிப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. ரேடியோ வீட்டு அக்கா, அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை மாற்றித் தரும் கடை வைத்திருந்தார்கள். முன்னறையில் அவர் பழைய துணியைக் கிழித்துக்கொண்டும் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டும் வந்தவர்களிடம் வாயடிப்பார். பின்னறையில், ரெக்சின் சுருள்களுக்கும் ஃபோம் அடுக்குக்கும் நடுவே, அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் அவள் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை. "எனக்கும் சேர்த்து அவரே பேசிடுறாரே" என்பாள்.

தெருமுனையில் புது சோபாக்களைத் தவணையில் விற்கும் பெரிய கடை வந்த பிறகு இவர்கள் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ரேடியோவின் தங்கை, அச்சகத்தில் வேலை பார்ப்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள்.

"அண்ணா, நினைச்சா போடுறது, மறந்தா விடுறது, அந்தக் கதையே வேணாம். திங்கக்கிழமை பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு படம். புதன்கிழமை நீ பேசுற வீடியோ. வெள்ளிக்கிழமை கேள்வி கேட்டவங்க எல்லாருக்கும் பதில். காலைல பத்து மணிக்குப் போட்டாகணும். இடியே விழுந்தாலும் போடணும்."

"நான் பேசுறதை நிறுத்தத்தான் இதுவரைக்கும் எல்லாரும் நேரம் குறிச்சாங்க," என்றார் ரேடியோ. "பேசச் சொல்லி நேரம் குறிச்ச முதல் ஆள் நீதான்."

அந்தக் கிழமைகளை ரேடியோவின் மனைவி நூல் டப்பா அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டினாள். ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவள் வேலையானது. உடைந்து வந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாற்காலியே பேசுவதுபோல அவர் பேசுவார். "பதினஞ்சு வருஷமா ஒரு கணக்கு வாத்தியாரைச் சுமந்தேங்க. எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம், கணக்கு வரவே இல்ல." முதல் மாதம் நாற்பது பேர் பார்த்தார்கள். ஆறாவது மாதம் நாற்பதைப் பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம் கழித்து, மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் வண்டியில் சோபாவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சோபா ஒரு சாக்கு. அவரைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு புதன்கூடத் தவறவில்லை.

அடுத்த வசந்தத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஃபோம் கட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே அதன் மேல் சாய்ந்தார். விளையாடுகிறார் என்று நினைத்து அவள் இரண்டு தையல் கூடப் போட்டுவிட்டாள். அந்த இரண்டு தையலை நினைத்து அவள் பின்னால் அழாத நாள் இல்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தது. வலது கை போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பி வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆமா. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் தினமும் கடைக்குக் கூட்டி வந்து பின்னறையில், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

இணையப் பக்கத்தில் ஒன்றும் போடாமல் ஐந்து வாரம் ஓடிவிட்டிருந்தது. கடைக்கு ஆள் வரத்தும் நின்றிருந்தது. அவருடைய ஃபோனை அவள் துழாவியபோதுதான் அது கண்ணில் பட்டது. போடாமல் விட்ட வீடியோக்கள், நாற்பதுக்கும் மேல். நடுவில் சிரித்துவிட்டதால் வேண்டாம் என்று ஒதுக்கியவை, ஒரே நாளில் சேர்த்து எடுத்து வைத்தவை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுத்த புதன், பத்து மணிக்கு, ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"எங்கண்ணே போயிட்டீங்க இத்தனை நாளா!" என்று குவிந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவளே அவர்போல பதில் எழுதினாள். நன்றி தம்பி. வாங்க, பார்த்துக்கலாம். வேலை மறுபடி வர ஆரம்பித்தது. நாத்தனார் மட்டும் ஒரு நாள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் நல்லா இருக்கார்னுதானே எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. அவர் பேசினதுதானே அது."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்து நூலைக் கோத்தாள். அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

பதினோரு புதன் இப்படிப் போனது. பன்னிரண்டாவது புதன் பகலில் ஒரு கணவனும் மனைவியும் சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணன் இல்லையாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"வெளிய போயிருக்கார்."

"அடடா! அவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். இன்னைக்குக் காலைல போட்டது பார்த்தீங்களா? வயிறு வலிக்கச் சிரிச்சோம்." சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து, ஓடவிட்டாள்.

முன்னறை முழுக்க ரேடியோவின் குரல் நிறைந்தது. அந்தப் பெண் சிரித்தாள். அவள் கணவனும் சிரித்தான். அப்போது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஆமா... ஆமா... ஆமா..."

ரேடியோவின் மனைவி பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்திருந்தார். இடது கை மெஷின் பலகையைப் பற்றியிருந்தது. முன்னறையில் அந்தக் குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, இவர் உதடு அதைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தது. வந்ததெல்லாம் அந்த ஒரே வார்த்தை. தாடையில் எச்சிலும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன.

திரும்பினால், வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் ஃபோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கணவன்தான் வந்து வாங்கி அணைத்தான். நாற்காலியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கேக்காமப் போட்டுட்டேன். கடை நடக்கணுமேன்னு நினைச்சேன். தப்புதான். என் மேல கோபமா?"

"ஆமா," என்றார்.

"மன்னிச்சிடுவீங்களா?"

"ஆமா."

இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தது. எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அடுத்த புதன் அவளே ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாத்தனார் பிடித்துக்கொண்டாள். ஆறு தடவை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏழாவது தடவை சொன்னாள். "அவருக்கு உடம்பு சரியில்ல. பேச முடியாது. இத்தனை வாரமா நீங்க பார்த்தது பழசு. நான்தான் போட்டேன். கடை திறந்துதான் இருக்கு. தையல் எப்பவும் நான்தான் போடுறேன்."

மூன்று நாள் ஆறுதல் வந்து குவிந்தது. ஏமாற்றிவிட்டாய் என்று சிலர் திட்டினார்கள். அந்தப் பன்னிரண்டு வீடியோவையும் அவள் எடுத்துவிட்டாள். நாலாம் நாள் பக்கம் அமைதியானது. பார்க்கிறவர்கள் வாரா வாரம் குறைந்தார்கள். சிரிக்க வந்தவர்கள் அழவா வருவார்கள்? யார் மேலும் அவளுக்கு வருத்தம் இல்லை.

ஆனாலும் கிழமைகளை அவள் விடவில்லை. திங்கள், பழசும் புதுசும். புதன், தன் கைகள் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நிமிஷம். துணி மடிவது, ஊசி இறங்குவது, மெஷின் சத்தம். பேச்சு கிடையாது. வெள்ளி, ஒருவர் கேட்டாலும் பதில். "இதுல என்ன அண்ணி வருது?" என்று நாத்தனாரே கேட்டாள். "பத்து மணிக்கு ஒரு வேலை இருக்கே, அது போதும்," என்றாள் அவள். மெல்ல மெல்ல, அந்தக் கைகளைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். தையல் நேராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். முன்னறையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்னறையில் மட்டும் கடை நடந்தது. இரண்டு பேர் சாப்பிட அது போதுமாக இருந்தது.

மறு வருஷம் குளிர் தொடங்கும்போது ரேடியோவுக்கு இரண்டாவது அடைப்பு வந்தது. அந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. தெருவே வந்து நின்றது. எவ்வளவு பேசுவார், எவ்வளவு பேசுவார் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

இணையப் பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. படமும் போடவில்லை. மீதி வீடியோக்கள் அவர் ஃபோனில் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அணைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கடையைத் திறந்தாள். ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை நாற்காலிகள் இரண்டு முடிந்து கிடந்தன. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து மணிக்குப் போட்டாள். அறுபத்துமூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், சாப்பாட்டு மேஜை நாற்காலி செய்வீர்களா என்று கேட்டிருந்தார். செய்வோம் என்று தட்டப் போனாள். விரல் நின்றது. அழித்துவிட்டு, செய்வேன் என்று எழுதினாள்.