பூக்கூடை கடக்கும்வரை

காணாமல்போன என் மச்சானை நான் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை. படம் எடுத்தேன்!

இதை முதலில் அறிபவர் நீங்கள்தான். என் மனைவி விஜிக்குத் தெரியாது. செல்வம் அவளுடைய ஒரே தம்பி. வேலை போன பிறகு யாரோடும் பேசாமல் கிடந்தவன், ஒருநாள் காலையில் செருப்புகூடப் போடாமல் எங்கள் கடலூர் வீட்டிலிருந்து இறங்கிப் போனான். இரண்டு வருடமாகத் தேடுகிறோம்... இல்லை, அவள் தேடுகிறாள்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மதியச் சாப்பாட்டு வேளையில் கைப்பேசியில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: புகழ்பெற்ற தெருப் புகைப்படக்காரர்களின் பேட்டிகள். டிபன் பாக்ஸில் சோறு காய்ந்துபோகும்வரை பார்ப்பேன். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல பின்னணியைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயே நிற்க வேண்டும். ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சு மட்டும் கொடுக்கக்கூடாது, பேசினால் படம் செத்துவிடும். எனக்கு அது வேதவாக்கு! ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன்.

அன்று கீழவீதியில் ஒரு மஞ்சள் சுவர். காலை வெயில் பாதிச் சுவரில் விழுந்திருந்தது. சுவரடியில் தாடியும் அழுக்குச் சட்டையுமாக ஒருவன் குந்தியிருந்தான். கேமராவைக் கண்ணில் வைத்து லென்ஸைத் திருகி முகத்தை நெருக்கினேன்... இடது புருவத்தில் அந்தத் தழும்பு. செல்வம்!

உடனே கேமராவை இறக்கியிருக்க வேண்டாமா? "டேய் செல்வம்" என்று ஒரு குரல்... ஒரே ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டாமா? பதற்றத்தில் வாய் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய். தெருமுனையில் ஒரு பெண் தலையில் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் சுவரைக் கடக்கும்போது எடுத்தால் படம் நிறைந்துவிடும். அதுவரைக்கும் மட்டும்... பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவன் எங்கே போய்விடப் போகிறான்?

வழியில் யாரோ நிறுத்தி அவளிடம் இரண்டு முழம் பூ வாங்கினார்கள். நான் அசையவில்லை. வந்தாள். எடுத்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று கேமராத் திரையில் பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன்! நிமிர்ந்தபோது சுவரடியில் யாருமில்லை.

நான்கு வீதியிலும் ஓடினேன். கோயிலுக்குள், பஸ் நிலையத்தில், ரயிலடியில்... எங்கும் அவன் இல்லை.

அந்தப் படத்தைப் போலீசில் கொடுத்திருந்தால் ஒரு துப்பாவது கிடைத்திருக்கும். தம்பி உயிரோடு இருக்கிறான் என்றாவது விஜிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவள் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோழை நான்! அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்க்கிறேன்... ரசிக்கவும் செய்கிறேன். என்ன மனிதன் நான்?

ஏழு மாதம் ஓடிவிட்டது. நேற்று மாலை வீட்டில் ஒரு பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் யார் யாரோ தெரு மனிதர்களின் முகங்கள் வந்து போயின.

"என்னாங்க, இவுங்க எடுக்கற ஆளுங்களோட வூட்டுல இருக்கறவுங்க இந்தப் போட்டோவெல்லாம் பாப்பாங்களா?"

"தெரியல விஜி."

எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் செல்வத்தின் பாஸ்போர்ட் சைஸ் படம். என் கேமராப் பையின் உள்ளறையில் அதை அவளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாங்கல்லாம் யார் மூஞ்சியையும் பாக்காம போயிடுவோம். நீங்கதான் ஒவ்வொரு ஆளா நின்னு பாக்கறீங்க. தம்பி கண்ணுல பட்டா மட்டும் உட்டுடாதீங்க" என்றாள்.

சரி என்று சொன்னேன். ஆம், சொன்னேன்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.