எட்டில் ஒரு பங்கு வேகத்தில்

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில். செய்தி சேகரிக்கப் போய், அழுகிய பிணங்களின் பக்கத்தில் நின்றவன் நான். அப்போதெல்லாம் வராத வாந்தி அன்று வந்தது.

என் தங்கை பாடகி. பத்து வருடம் காத்திருந்து பாடிய முதல் தொகுப்பு, அடுத்த வாரம் வெளிவர இருந்தது. பதிவு செய்தவர் அவள் கணவரே. மனிதக் காதுக்குக் கேட்காத உச்ச அலைகளையும் விட்டுவைத்தால்தான் பாட்டு இனிக்கும் என்பது மாப்பிள்ளையின் கட்சி. சோதித்துப் பார்க்க, அவற்றை வெட்டிய பிரதி ஒன்று, வெட்டாத பிரதி ஒன்று. கேட்க, மாப்பிள்ளையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரைத் தவிர நாங்கள் ஐந்து பேர். தங்கை வரவில்லை, வீட்டிலேயே இருந்தாள்.

வெட்டிய பிரதி நன்றாகவே இருந்தது.

வெட்டாததிலும் அதே பாட்டு, அதே குரல். ஆனால் இரண்டாவது சரணத்தில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கினோம்...

"பாத்தீங்களா மச்சான், வாய் ஊறுது! ரசனைன்னா இதான்."

"ரசனையா? குமட்டுது மாப்ள."

வெதுவெதுப்பு. கொழகொழப்பு. ஊத்தைப் பல் நாற்றம். யாரோ மென்றதை என் வாயில் துப்பியது போல.

மற்ற நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்கள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. கேட்காத அலைகளை மட்டும் பிரித்து, எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டார். அப்படிச் செய்தால் அவையும் காதுக்கு எட்டும்.

மணி மூன்று பத்து.

முதலில் வெறும் இரைச்சல்.

பிறகு... சளக். சளக்.

மெல்லும் சத்தம். ஈரமாக. நிதானமாக.

"பாடறப்ப ஏதாவது தின்னாளா?"

"பாடிக்கிட்டே எப்படித் திங்கறது மச்சான்?"

சளக்.

ஓர் உறிஞ்சல்.

ஏப்பம்...

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அன்று மாலையே தங்கையைத் தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அவள் நாக்கைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அடியில சதை கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. இனிமே பாட முடியாதும்மா."

"எனக்கு வலிக்கவே இல்லையே அண்ணா," என்றாள். பேச்சு குழறியது.

"தூக்கத்துல கடிச்சிருப்பாளா டாக்டர்?"

"அவ்வளவு உள்ள அவங்க பல்லு எட்டாது சார்." கையுறையைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடிச்ச தடம் ரொம்பச் சின்னது. பால்பல்லு."