கெசியா சொன்ன இரண்டு சாட்சி

எங்கள் ஆஷ்கோம்ப் கோயிலில் பலிபீடத்துக்கு இடப்புறச் சுவர் முழுக்கச் சால்டிகாட் குடும்பத்தார்தான். பெரிய வீட்டுக்காரர்களாயிற்றே, தாத்தாவின் தாத்தா தொடங்கி எல்லாரும் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார்கள், செத்ததும் இங்கேதான் கோயிலுக்கடியிலுள்ள குடும்பக் கல்லறைக்கு, அந்த நிலவறைக்குள் போனார்கள். சனிக்கிழமைதோறும் அந்தப் பளிங்குப் பலகைகளைத் துடைக்கிறவள் நான். கடைசிப் பலகை என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. ‘ஆர்தர் சால்டிகாட். ஒரு மணி நேரம் வாழ்ந்தான்’ என்று எழுதியிருக்கும். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் கெசியா டக்வெல்.

கெசியா எங்கள் ஊர் மருத்துவச்சி, என் பக்கத்து வீட்டுக்காரி. பிரசவ வீட்டில் நுழைந்ததும் இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டுதான் தாயைத் தொடுவாள். பிள்ளை பிறந்ததும் அந்த வீட்டில் வழக்கமாக வெட்டிப் பங்கிடும் பாலாடைக்கட்டியில் முதல் துண்டு அவளுக்குத்தான், அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டாள். பிழைக்காது என்று தெரிகிற சிசுவுக்குக் குருவானவர் வருமுன் தானே தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பாள். அந்த ஞானஸ்நானம் செல்லும். உயிரோடு இருக்கும்போது ஊற்றினேன் என்று மருத்துவச்சி சொன்னால் போதும், குழந்தையின் அடக்கத்துக்கு மணி உண்டு, ஜெபம் உண்டு. இல்லையென்றால் வடக்குச் சுவருக்கு அப்பால் காஞ்சொறிப் புதருக்குள் ஒரு குழி, அவ்வளவுதான்.

ஆர்தர் செத்தே பிறந்தான். அதற்கு முன் நான்கு பிள்ளைகளை நிலவறைக்கு அனுப்பியிருந்தாள் சால்டிகாட் அம்மா. இதை மட்டும் புதரில் போடவேண்டுமா என்று கெசியாவின் காலைப் பிடித்துக்கொண்டாளாம். கெசியாவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தை இரண்டு தரம் அழுதது, தண்ணீர் ஊற்றினேன் என்று அப்போதிருந்த கிழட்டுக் குருவானவர் முன்னால் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டாள். “உனக்கு ஒரு காலம் வந்தா நான் நிப்பேன் கெசியா” என்று அன்றைக்கு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

பதினோரு வருஷம் கழித்து அந்தக் காலம் வந்தது. கெசியாவின் தங்கை திர்சா, தாயில்லாமல் அக்காவே வளர்த்தவள், ஏழு மாதத்தில் ஒரு பெண்ணைப் பெற்றாள். வண்டியோட்டும் புருஷன் வெளியூரில். திர்சா மயங்கிக் கிடக்க, குழந்தை பூனைக்குட்டிபோல முனகியது. கெசியா கிண்ணத்திலிருந்த தண்ணீரை ஊற்றி மெர்சி என்று பெயரிட்டாள். கால் மணி நேரத்தில் போய்விட்டது. இது மெய். அவள் வாயிலிருந்து வந்ததில் இதைவிட மெய்யான வார்த்தை கிடையாது.

புதுக் குருவானவர் வின்ஸ்கோம் சட்டம் பேசுகிறவர். பெற்றவள் பார்க்கவில்லை, சாட்சி சொல்கிறவளோ சொந்த அக்கா, எப்படி நம்புவது என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, ஊரில் பெரிய மனுஷர் யாராவது உன் வார்த்தைக்குப் பொறுப்பேற்றால் சரி, என்றார். கெசியா சிரித்தேவிட்டாள். அந்தக் குழந்தையை நல்ல மண்ணில் வைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, என் தோளைத் தட்டி, “வாடி, அம்மாகிட்ட போவோம்” என்றாள்.

போனோம். குருவானவரும் வந்தார். சால்டிகாட் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை, அது போகட்டும். குருவானவர் கேட்டதும் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

“கெசியா நல்ல மருத்துவச்சிதான் ஐயா. ஆனா ரொம்ப மனசு இளகினவ. தாய் அழுதா, ஆறுதலுக்காக எதை வேணா சொல்லிடுவா. அவ சத்தியத்துக்கு என்னால பொறுப்பேத்துக்க முடியாது.”

கெசியா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். ஆர்தர் விஷயத்தைத் திரும்பும் வழியில்தான் என்னிடம் சொன்னாள். அவள் பொய் சொல்வாள் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், யாருக்காகச் சொன்னாளோ அவளுக்கு. ஏனடி அங்கேயே போட்டு உடைக்கவில்லை என்று கத்தினேன்.

“உடைச்சா அந்தப் பையனைத் தோண்டி எடுப்பாங்கடி. அவன் என்ன பண்ணான்?” என்றாள்.

மெர்சியைக் காஞ்சொறிக்குள் புதைத்தோம். மணி இல்லை, ஜெபம் இல்லை. திர்சா அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. அக்காவோடும் பேசவில்லை. பெரிய வீட்டம்மாளே சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும், அக்கா தண்ணீரே ஊற்றியிருக்கமாட்டாள் என்ற எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது. கெசியாவை அதுதான் உள்ளுக்குள் அரித்தது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு சால்டிகாட் அம்மாளின் மகள் அகஸ்டா பிரசவத்துக்கு வந்தாள். மழை வெள்ளத்தில் வைத்தியர் வழியிலேயே நின்றுபோக, வெட்கமில்லாமல் கெசியாவுக்கு ஆள் அனுப்பினார்கள். இவளும் ரோஷமில்லாமல் போனாள். வெந்நீர் தூக்கி உதவ நானும் போனேன். பக்கத்து அறையில் குருவானவரும் சால்டிகாட் அம்மாவும் காத்திருந்தார்கள். குழந்தை செத்தே பிறந்தது. இருவரும் உள்ளே வந்தார்கள்.

குருவானவர், “எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. மூச்சு இருந்துச்சா?” என்றார்.

அந்த அம்மா அவருக்குப் பின்னால் நின்று கெசியாவைப் பார்த்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் பார்த்திருப்பாள். “சொல்லு கெசியா. அழுதுச்சுல்ல?”

கெசியா கையைத் துடைத்தாள். “நான் என்ன சொன்னா என்னம்மா? எதை வேணா சொல்லிடுவேன்னு ஐயாகிட்ட நீங்கதானே சொன்னீங்க.”

குருவானவர் தலையாட்டினார். ஆமாம், நினைவிருக்கிறது என்றார். ஜெபப்புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

சால்டிகாட் குடும்பத்தில் நிலவறைக்குள் போகாத முதல் பிள்ளை அதுதான். மெர்சிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளிப் புதைத்தார்கள். கெசியாவுக்கு அதில் சந்தோஷமில்லை, எனக்குக் கொஞ்சம் இருந்தது என்பதை ஒளிக்கமாட்டேன்.

மறு வாரம் பெரிய வீட்டிலிருந்து அரிவாளோடு ஓர் ஆள் வந்து காஞ்சொறியை வெட்டிக்கொண்டிருந்தான். கெசியா ஓட்டமாகப் போய்த் திர்சாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். எல்லாம் சுத்தமாகப் போகிறது, நம் பிள்ளை இருக்குமிடமும் வெளிச்சமாகிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அவர்கள் வந்தபோது வேலை முடிந்துவிட்டது. அகஸ்டாவின் குழந்தையைச் சுற்றி நான்கு பக்கமும் அளந்து வெட்டியிருந்தான். மெர்சி பக்கம் புதர் இடுப்பளவு அப்படியே நின்றது.

“இதையும் வெட்டிடுப்பா” என்றாள் கெசியா.

“இந்த அளவுதான்னு அம்மா கோல் வச்சுக் காட்டினாங்க” என்று சொல்லிவிட்டு அவன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

திர்சா அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினாள்.