முதலாளியாகப் பழகிய கதை

ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணியை எப்படியும் வெட்டிவிடலாம், நாலு பேரை வைத்து வேலை வாங்குவதுதான் பெரும்பாடு என்பது, ஆள் வைத்துக் கடை நடத்தும் உங்களுக்குத் தெரியாததா?

கடிதக் கலவரம்

ஒருநாள் தொழில் அலுவலகத்திலிருந்து அதிகாரி மிஸ் ஒருவர் வந்தார். நான்கு பெண்களுக்கும் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆறு வருஷமாகக் கடை நடத்துகிறேன், அப்படி ஒன்று கொடுக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரியும். அவர் திட்டவில்லை, என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அரசாங்கக் காரியம் என்றால் சிங்களம்தான் என்று நானாக முடிவுகட்டி, டைப் அடித்து, உறையில் போட்டுப் பெருமையாக நீட்டினேன்.

நால்வரும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். அங்கே ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் வேலை போயிற்று என்றுதான் அர்த்தம். சிங்களமும் படிக்க வராது. கடையிலேயே நன்றாகத் தைக்கிற செல்வி அழுதுகொண்டே கத்தரியையும் அளவு நாடாவையும் என் மேசையில் வைத்தாள். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க முதலாளி. நாங்க ஒண்ணும் எடுத்துக்கிட்டுப் போகல."

ஸ்வெட்டர்

அது வேலையை உறுதிப்படுத்துகிற கடிதம் என்று புரியவைப்பதற்குள் அரைநாள் போய்விட்டது. மற்ற மூவரும் சிரித்துவிட்டார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க் குளிரில் யார் ஸ்வெட்டர் போட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டோம். ஆனால் செல்வி, அயர்ன் போடும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. அந்த வாரமே ஒரு துணிக்கட்டைத் தூக்கி மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். தயங்கி நின்றாள். அப்புறம்தான் சொன்னாள், ஆறு மாதம் என்று. "மூத்தவன் வயித்துல இருந்தப்ப, முந்தி வேலை செஞ்ச கடையில நிப்பாட்டிட்டாங்க. இங்கயும் வேலை போயிருமோன்னு மறைச்சிட்டேன் முதலாளி."

சட்டத்தில் இல்லாதது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த கவலை அவளைப் பற்றியதல்ல. பள்ளிக்கூடச் சீருடைகளை யார் தைப்பது என்பதுதான். அந்த வெட்கத்தோடுதான் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அதே மிஸ்தான் இருந்தார். இதற்காக ஆளை நிறுத்தக் கூடாது, எண்பத்து நாலு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவ்வளவு நாளும் காஜா எடுப்பது யார் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "நீங்கதான். முதலாளி தைக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்லீங்க."

புது ஆள்

தைத்தேன். கழுத்து வலித்தது, இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். லீவு முடிந்து வந்த செல்வி, தன் மெஷின் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

பிறகு ஒருநாள், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். நான் உள்ளே துணி எடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி அவளிடம் பேசுவது காதில் விழுந்தது. யாரும் எனக்கு இப்படி ஒரு நற்சான்று தந்ததில்லை, கண் கலங்கிவிட்டது. "வயித்துல புள்ள இருந்தா இங்க மறைக்காத தங்கச்சி, நேரா சொல்லிடு. வேலை போகாது."

அந்தப் புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்த மூன்றே மாதத்தில் நேராகச் சொல்லிவிட்டாள். ஆகவே நான் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன், செல்வி நன்றாக இருக்கட்டும்!