பக்கத்தில் வந்து நின்றவர்

சனிக்கிழமை காலை, பூனாவில் சிஞ்ச்வட் காய்கறிச் சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. எஸ்தர் அக்காவின் கணவர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், வளவளவென்று பேசத் தெரியாதவர். "கிரேஸு, அக்கா போயிட்டா. தூக்கத்துலயே" என்றார். பிறகு, "நீ மொதல்ல வா. மத்தவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். வாங்கிய காய் முழுவதையும் பையோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தது, லோஹேகாவில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் சபையில் எஸ்தர் அக்காவைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, பூனாவில் மராத்திப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்த டீச்சர் அவர். பாடகர் குழுவில் இரண்டாம் குரல். நாம் யாராவது சுருதி தவறினால் பாட்டை நிறுத்தாமலே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். நான் முதன்முதலாக ஆராதனைக்கு வந்த அன்று, "எந்த ஊரு?" என்று கேட்டார். "கோயமுத்தூருங்க" என்றேன். "அப்ப மரியாதை தெரிஞ்ச புள்ளதான். ஆனா எனக்கு 'ங்க' போடாத, வயசாயிட்ட மாதிரி இருக்கு" என்றார். நான் கடைசிவரை போட்டேன். அவரும் கடைசிவரை திட்டினார்.

நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு, பூனாவை அடுத்த சாகணில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர், வீட்டில் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வருவாரா மாட்டாரா என்று எனக்கே தெரியாது. மகளிடம், அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மனது தாங்காமல் ஒரு நாள் நம் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மாவிடம் போய் அழுதேன். அவரும் என்னோடு அழுதார். சூடாக டீ போட்டுக் கொடுத்து, முதுகைத் தடவி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புகள் வாசிக்கும் நேரம். அப்போதெல்லாம் நம் சபையில் யாருக்கு என்ன நோய், யார் மகனுக்கு என்ன பரீட்சை என்று பெயர் சொல்லி மைக்கில் வாசிப்பது வழக்கம். தலைவி அம்மா உருக்கமான குரலில் வாசித்தார். "சிஞ்ச்வடிலிருந்து வரும் நம் சகோதரி கிரேஸை விட்டுப் பிரிந்துபோன கணவர் மனம் திரும்பி வரும்படி ஜெபிப்போம்." எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடிய கண்களாலேயே அத்தனை பேரும் என்னைப் பார்ப்பது போல் இருந்தது. பக்கத்தில் இருந்த மகள் என் சேலையை இழுத்து, "அம்மா, அப்பா ஊருக்குத்தானே போயிருக்காரு?" என்று கேட்டாள். ஆமென் சொல்லும் முன் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இனி அந்த வாசல் மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு மதியம், நம் ஆராதனை தொடங்கும் அதே நேரத்துக்கு, எஸ்தர் அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். லோஹேகாவிலிருந்து பஸ் பிடித்து, பிறகு லோக்கல் ரயில் ஏறி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார். நான் கதவைப் பாதி திறந்துகொண்டே, "என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருந்தா திரும்பிப் போயிடுங்க அக்கா" என்றேன்.

"ஒன்னக் கூட்டிட்டுப் போவ யாருட்டி வந்தா? ஒங்கூட சும்மா உக்காந்துட்டுப் போவத்தான் வந்தேன். மொதல்ல தண்ணி கொடு" என்றார்.

உட்கார்ந்தார். பட்டாணி உரித்தார். மகளுக்கு இந்தி வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது, இரண்டாம் குரல் இல்லாமல் பாடகர் குழு திண்டாடியது. போதகரே போன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அக்கா என் சமையலறையில் நின்றுகொண்டு பதில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஐயா, இவ இல்லாம நான் மட்டும் அங்க வந்து என்னத்தப் பாட? மைக்குல அடுத்தவ வீட்டு விஷயத்த வாசிக்கத நிறுத்துங்க. நாங்க ரெண்டு பேருமே வாரோம். கடவுளுக்கு நம்ம விலாசம் தெரியும், மைக்குல சொல்லித்தான் தெரியணும்னு இல்ல."

நான் தலைவி அம்மாவைத் திட்டினால் மட்டும் அக்கா கூடச் சேர்ந்து திட்டமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். "அவ பொல்லாதவ இல்லட்டி. ஒனக்காக நெசமாவே அழுதிருக்கா. பேரச் சொன்னாத்தான் ஜெபம் பலிக்கும்னு நெனச்சிட்டா. ஒனக்கு வலிச்சதும் நெசம், அவ ஒம்மேல வச்ச பாசமும் நெசம்" என்பார். அன்று எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது.

சபைக் கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். "காரணம் தெரியாம எப்படி ஜெபிக்கிறது?" என்று ஒருவர் கேட்டாராம். "பக்கத்துல போய் நில்லுங்க. அது தெரியாதா ஒங்களுக்கு?" என்றாராம் அக்கா. அப்படித்தான் நம் சபைப் பழக்கம் பிறந்தது. தேவை உள்ளவர் எழுந்து நிற்பார். பெயர் இல்லை, காரணம் இல்லை. விரும்புகிறவர் போய்ப் பக்கத்தில் நிற்பார். பிறகு வெளியே டீ குடிக்கும்போதும் என்ன ஏது என்று கேட்கக்கூடாது. டீ விஷயத்தை அக்கா தனியாக அழுத்திச் சொன்னார், நம்மைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

அக்காவோடு நானும் திரும்பி வந்த அந்த முதல் ஞாயிறு யாருமே எழவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அக்காவே எழுந்து நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பஸ்ஸில் வரும்போது அவராகவே, "ஒண்ணுமில்லட்டி, முட்டி வலிக்கி. யாராவது தொடங்கி வைக்கணும்லா?" என்று சிரித்தார்.

என் கணவர் பிறகு வந்தார். அது எங்கள் இருவருக்கும் உரிய கதை, இங்கே எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குக் கைகூடவில்லை. எழுந்தவர்கள் பக்கத்தில் ஓடிப்போய் நிற்பேன். நானாக ஒரு நாளும் எழவில்லை. எழலாம் என்று நினைத்தாலே அந்த மைக் குரல் காதில் கேட்கும், உட்கார்ந்துவிடுவேன். அக்கா இதைக் கவனித்திருக்கிறார். "ஊருக்கெல்லாம் தொணை நிக்கே. என்னைக்காவது நீ எந்திரிட்டி. நான் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன மழைக்காலத்தில் அவர் எழுந்து நின்றார். போய் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் எழுந்தார். பிடி ஒவ்வொரு முறையும் தளர்ந்துகொண்டே வந்தது. நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவரே, "கேக்கவே மாட்டியாட்டி?" என்றார். "நீங்கதானுங்க கேக்கக்கூடாதுன்னீங்க" என்றேன். "நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கேன்" என்று சிரித்துவிட்டு, பிறகு சொன்னார். என்ன நோய் என்று இங்கே எழுதமாட்டேன். அந்தச் சனிக்கிழமை மாலை அடக்கத்துக்கு வந்திருந்த நம்மில் ஒருவர்கூட அக்காவின் கணவரிடம் அதைக் கேட்கவில்லை. சவப்பெட்டியைச் சுற்றி இத்தனை பேர் வாய் திறக்காமல் நெருங்கி நின்றோமே, அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையை மீறிக்கொண்டு பெருமை வந்தது. ஒரு டீச்சர் ஒரு சபை முழுவதையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அவர் என் சிநேகிதி.

மறுநாள் ஞாயிறு. ஜெப நேரம் வந்தது. என்னையறியாமல் என்று சொல்லமாட்டேன், நன்றாக அறிந்துதான் எழுந்தேன். பின்னாலிருந்து கைத்தடிச் சத்தம் கேட்டது. தலைவி அம்மா. இப்போது அவருக்கு நடப்பதே கஷ்டம். மெல்ல வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தடி ஒரு கையில். மறு கையை நான் பிடித்துக்கொண்டேன். அக்கா அன்று சொன்னதில் இரண்டாம் பாதி, 'பாசமும் நெசம்' என்றது, அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

இதை எழுதலாமா என்று தலைவி அம்மாவிடம் கேட்டேன். "எழுதும்மா. என் பேரையும் போட்டுக்கோ" என்றார். போடவில்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.