மூன்றாம் கட்டிலுக்குத் தண்ணீர்

சென்னம்மாள் கிளியூர்க்காரி. இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். அங்கே காலையில் கணக்கெழுதும் ரைட்டர் ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுப்பார். ஒருத்தியின் வரிசையில் இன்னொருத்தி கை வைத்துவிட்டால் அன்றைக்குப் பெரிய சண்டைதான். முழங்கால் தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் போனபின் ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள். கட்டில்களையும் அவள் அப்படித்தான் நினைத்தாள். மூன்றாம் கட்டில் அவளுடையது.

அதில் மூன்று வருஷமாகப் படுத்திருந்தவர் ஆஸ்மா பீவி. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முகமது ஆசிக்கின் தாய். பக்கவாதத்தில் ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போயிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, பீத்துணி மாற்றுவது, மடங்கிய விரல்களை நீட்டிவிடுவது எல்லாம் சென்னம்மாள்தான். புரட்டும்போது தோள்பட்டை வலியில் ஆஸ்மா பீவி, "யா அல்லா, கொல்றாளே!" என்று அலறுவார்.

"கத்துங்கம்மா. புண்ணு வந்தா இதைவிட நொம்பக் கத்தோணும்" என்பாள் இவள்.

ஐப்பசி மழையில் ஆஸ்மா பீவி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி வேண்டாம், இங்கேயே நிம்மதியாகப் போகட்டும் என்று மகன் சொல்லிவிட்டார். "கட்டாயப்படுத்தி ஊட்ட வேண்டாம். வாய் மட்டும் காயக் கூடாது. கேட்டா ஸ்பூன்ல சொட்டுச் சொட்டா விடுங்க" என்றார் இல்லத்து நர்ஸ் பார்வதி சிஸ்டர்.

ஆனால் சென்னம்மாள் ஸ்பூனை நீட்டினால் அந்த வாய் இறுகிக்கொண்டது. சுதாராணி நீட்டினால் திறந்தது. சுதாராணி வாழவந்தியிலிருந்து ஆயா வேலைக்கு வந்து நான்கே மாதம்தான் ஆகிறது.

"உங்கையில தேனாடி தடவி வெச்சிருக்கே?"

"சோப்பு வாசந்தானுங்க அக்கா. வேணும்னா மோந்து பாருங்க" என்று அவள் கையை நீட்டிச் சிரித்தாள். சென்னம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க கை பட்டாலே புரட்டப் போறீங்கன்னு அவங்க உடம்பு விறைச்சுக்குதுங்க. உங்க மேல கோபமெல்லாம் இல்ல" என்று சிஸ்டர் சமாதானம் சொன்னார். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது சென்னம்மாளுக்கு. மூன்று வருஷம் பார்த்த கைக்குக் கிடைத்த பேர் இதுதானா? சாவதற்குள் ஒரே ஒரு வாய், தன் கையால் வாங்கிக்கொள்ள மாட்டாரா?

புதன்கிழமை மத்தியானம் அவளே வழி பண்ணினாள். "ஏம்புள்ள, மழை இருட்டிக்கிட்டு வருது. மாடியில போர்வையெல்லாம் கெடக்குது. எடுத்து மடிச்சு வெச்சிட்டு மெதுவா வா" என்று சுதாராணியை அனுப்பினாள். பிறகு சுதாராணியின் சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

வாய் திறக்கவில்லை. உலர்ந்த நாக்கு மட்டும் உள்ளே அசைவது தெரிந்தது. தண்ணீர் கேட்கிற அசைவு.

சென்னம்மாள் குரலை மெலிதாக்கிக்கொண்டு, சுதாராணி சொல்வது போலவே, "கொஞ்சூண்டும்மா" என்றாள். மூடிய கண்களோடு ஆஸ்மா பீவி உடனே வாயைத் திறந்தார். இவள் அவசரமாக ஸ்பூனைக் கொண்டுபோய், மறு கையால் தாடையைப் பிடித்தாள். பட்டதுதான் தாமதம், வாய் மூடிக்கொண்டது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

இன்னும் முக்கால் மணி நேரம் முயன்று பார்த்தாள். கெஞ்சினாள், அதட்டினாள். கீழுதடு வெடித்து ரத்தம் மெல்லிய கோடாகத் தெரிந்தபோது ஸ்பூனை வைத்தாள். எழுந்துபோய் மாடிப்படியின் அடியில் நின்றாள்.

"சுதா!"

போர்வைக் குவியலோடு இறங்கி வந்தவள், "குடிச்சாங்களாக்கா?" என்றாள்.

குடித்தார் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் சுதாராணி இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

"எங்கையில வாங்கல. நீ போயிக் குடு."

சுதாராணி கொடுத்தாள். ஆறு ஸ்பூன். சென்னம்மாள் சுவரோரம் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். கடைசி ஸ்பூன் வரைக்கும் நகரவில்லை.

மறுநாள் விடிகாலையில் ஆஸ்மா பீவி போய்விட்டார். ஆசிக் வந்து தாயின் காலடியில் நின்றார். பிறகு இருவரையும் பார்த்து, "ஏனுங்க, கடைசியா அம்மாவுக்கு யார் தண்ணி குடுத்தீங்க?" என்று கேட்டார்.

சுதாராணி பேச வாயெடுத்தாள்.

"இந்தப் புள்ளதானுங்க குடுத்துச்சு, சுதாராணி" என்று சென்னம்மாள் முந்திக்கொண்டாள். அதைச் சொல்வதையாவது சுதாராணிக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.